பாரன் துரைக்கு மணி ஆகாது

படுத்த படுக்கையாகிவிட்ட ஆளைப் புரட்டிப் போட ஒரு முறை இருக்கிறது. முதலில் முழங்காலை மடக்கி நிறுத்த வேண்டும். பிறகு தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். முறை தெரிந்தால் குருவி மாதிரி இருக்கிற பெண்கூட ஆறடி ஆம்பளையைத் திருப்பிவிடலாம். நீலாம்பாள் குருவி மாதிரிதான் இருந்தாள். பாரன் துரை ஆறடிக்கும் மேல்.

1927ஆம் வருஷக் கோடையில், ரங்கூனில் ஆலோன் பக்கம் ஆற்றைப் பார்த்திருந்த ஒரு மரவீட்டின் மாடியில், காலையில் முகம் மழித்துக்கொண்டு நின்றபோதே துரைக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணியது. பேச்சு குழறியதே தவிர போகவில்லை. வலக்கை பழையபடி இருந்தது. அவர் வேலை பார்த்த அரிசிக் கம்பெனியின் மானேஜர் டாக்டரைக் கேட்க, டாக்டர் நீலாம்பாளை அனுப்பினார்.

நீலாம்பாள் ரயில்வே கூலி லைனில் பிறந்தவள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்து, ஆயாவாகி, மேட்ரன் அம்மாளின் கண்ணில் பட்டு, புண் கட்டவும் காய்ச்சல் பார்க்கவும் வெள்ளைக்கார நோயாளிகளோடு இங்கிலீஷில் பேசவும் கற்றுக்கொண்டாள். செய்ததெல்லாம் நர்ஸ் வேலை. பெயர் மட்டும் ஆயா. நர்ஸ் என்ற பெயரும் தலையில் வைக்கிற வெள்ளைத் துணியும் வெள்ளை ரத்தம் கலந்த சட்டைக்காரப் பெண்களுக்கும் பர்மாவின் கரேன் இனப் பெண்களுக்கும் போயின. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. குறைப்பட்டால் கிடைத்துவிடுமா?

முதல் நாள் துரையைப் புரட்டி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பை ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். துரை கோணிய வாயால், "தேங்க் யூ, நர்ஸ்" என்றார். நீலாம்பாள் வராந்தாவுக்குப் போய், சுத்தமாக இருந்த கையை இன்னொரு தடவை கழுவினாள்.

அவள் புருஷன் மாந்தளைக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒரு பர்மாக்காரியோடு குடித்தனம் வைத்துவிட்டான். சேதி வந்ததும் அவன் டிரங்குப் பெட்டியை ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவள் நீலாம்பாள். பொறாமை என்பது தனக்கு வராத வியாதி என்றே நினைத்திருந்தாள்.

துரையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனிக் கிடங்கு மேஸ்திரி முத்து முகம்மது சொன்னதுதான். ஜெர்மனியில் பெரிய ஜமீன் மாதிரியான குடும்பம். பாரன் என்பது அங்கே பட்டம். மூன்றாவது பிள்ளை. நிலமெல்லாம் மூத்தவனுக்கு என்பது அவர்கள் வழக்கமாம். ஒரு கண்ணில் பார்வை குறைவென்று பட்டாளத்திலும் எடுக்கவில்லை. அதனால் இளந்தாரி வயதிலேயே ரங்கூனுக்கு அரிசி வியாபாரம் பழக வந்தார். கீமெண்டைன் ஆலையில் நெல்லைக் கையில் எடுத்துக் கடித்தே ஈரம் சொல்வார். ரஜாவில் ஊர் போயிருந்தபோது யுத்தம் வந்துவிட்டது. அங்கே ஏதோ சர்க்கார் உத்தியோகம் பார்த்தாராம். யுத்தம் முடிந்த பிறகும் பல வருஷம் ஜெர்மன்காரர்களை இந்தப் பக்கம் விடவில்லை. விட்டதும் முதல் கப்பல்களில் ஒன்றிலேயே வந்து இறங்கிவிட்டார், தலை நரைத்து, கலியாணமும் இல்லாமல்.

"என்ன உத்தியோகம் பாய்?" என்று நீலாம்பாள் கேட்டதற்கு, அதை மட்டும் துரை சொல்வதில்லை என்றார் முத்து முகம்மது.

துரை நல்ல நோயாளி. ஒன்றிரண்டு பிடிவாதம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலைச் சாத்தச் சொல்வார், வெக்கையில் வேர்த்துக் கொட்டினாலும். தெருச் சத்தம் ஆகவில்லை என்று நீலாம்பாள் எடுத்துக்கொண்டாள். இன்னொன்று, கஞ்சி குடிக்க மாட்டேன் என்றார். உடம்பு இளைத்துக்கொண்டே போயிற்று. டாக்டர் கவலைப்பட்டார். அப்போதுதான் முத்து முகம்மது அக்கரை டாலாவிலிருந்து தன் ஒன்றுவிட்ட தங்கை ஹாஜராவைக் கூட்டிக்கொண்டு வந்தார். துரை அந்தக் காலத்தில் தங்கள் வீட்டு மீன் ஆணத்தை, அந்தக் குழம்பை, கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், அதைச் சமைத்துக் கொடுத்தால் இறங்கும் என்றார்.

ஹாஜரா கைம்பெண். பருத்த உடம்பு. காலையில் சம்பான் ஏறி ஆற்றைக் கடந்து வருவாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வருவாள். ஆணம் இறங்கியது. ஆனால் கோணிய வாயில் முள் சிக்கிவிடுமோ என்று துரைக்குப் பயம். அதனால் ஹாஜரா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கண் முன்னாலேயே முள் எடுத்துக் காட்டிக் காட்டி ஊட்டினாள். நோயாளி அறையில் மீன் கூடாது என்று நீலாம்பாள் சொல்லிப் பார்த்தாள். "இருக்கட்டும், நர்ஸ்" என்றார் துரை. பிறகு கீழே குனிந்து பார்த்து, பர்மியப் பேச்சில், உன் பெயர் என்ன என்று கேட்டார்.

"ஹாஜரா."

"மா ஹாஜரா" என்றார் துரை, பர்மாக்காரர் மரியாதை சேர்த்துச் சொல்வதுபோல.

நீலாம்பாள் சூட்டுமானியை உதறிக்கொண்டு நின்றிருந்தாள். இத்தனை வாரத்தில் துரை அவள் பெயரைக் கேட்டதில்லை. நர்ஸ் என்ற பெயர் போதும் என்று அவளும் இருந்தாள். அந்த நிமிஷத்தில் அது போதாமல் போயிற்று.

அன்றிலிருந்து எல்லாம் கண்ணில் பட்டது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் "மா ஹாஜரா" என்றுதான் குரல் வந்தது. மலஜலத்துக்கு மட்டும் "நர்ஸ்". அவள் புரட்டும்போது சுவரைப் பார்க்கிற துரை, ஹாஜரா முள் எடுக்கும்போது பேசிக்கொண்டே இருந்தார். பேசியது இங்கிலீஷில். ஹாஜராவுக்கு இங்கிலீஷில் யெஸ், நோ, குட் தவிர ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுக்கு, "ஆமாங்க துரை, அப்படித்தான் இருக்கும்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருப்பாள். இடையில் தன் வீட்டு ஆடு, மருமகனின் சோம்பல், சம்பான்காரன் அடிக்கிற கொள்ளை எல்லாவற்றையும் தமிழிலேயே அவரிடம் சொல்வாள். அவரும் தலையாட்டுவார்.

"புரியாத பேச்சுக்கு எதுக்குடி ஆமாங்கிறே?" என்று ஒரு நாள் நீலாம்பாள் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு பேசுனதும் எனக்குப் புரியாதுக்கா. ஆமாம்னுட்டே இருந்தேன். குடித்தனம் நல்லாத்தான் போச்சு" என்று ஹாஜரா சிரித்தாள்.

நீலாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கைமணி உண்டு. நோயாளி அடிப்பார்; முறை வேலையில் இருப்பவள் போவாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பேச்சே கிடையாது. இந்த வீட்டிலும் அது வந்துவிட்டால் ஹாஜரா சமையலறையோடு நிற்பாள் என்று நீலாம்பாள் கணக்குப் போட்டாள். பபேடான் கடைத்தெருவில் பூஜைச் சாமான் விற்கிற செட்டியார் கடைக்குப் போய், ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, நாதம் நெடுநேரம் நிற்கிற ஒரு வெண்கல மணியைப் பொறுக்கினாள். மங்கலமான பொருள்தானே என்ற எண்ணமும் இருந்தது. ஹாஜரா அதை வாங்கிப் பார்த்து, "எதுக்குக்கா? துரைய மேய்ச்சலுக்கா ஓட்டப்போறீங்க?" என்றாள்.

மறுநாள் நீலாம்பாள் அதைத் துரையின் வலக்கைப் பக்கம் சிறு மேஜையில் வைத்து, எப்படி அடிப்பது என்று ஒரு தடவை அடித்தும் காட்டினாள்.

துரையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. வலக்கையை வீசி மணியைத் தட்டிவிட்டார். அது கணகணவென்று உருண்டு அலமாரிக்கு அடியில் போய், அங்கேயும் கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது. வாசலில் கிண்ணத்தோடு ஹாஜரா நின்றிருந்தாள்.

"மா ஹாஜரா" என்றார் துரை. "அதை வெளியே கொண்டு போ."

மேய்ச்சல் என்றாளே, அதைத் துரையிடமும் ஏதாவது சாடை காட்டிச் சொல்லியிருப்பாள். அதனால்தான் அவமானம் என்று துரை எடுத்துக்கொண்டார். நீலாம்பாள் இப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஒரு சுகமும் இருந்தது. அதற்குப் பிறகு ஹாஜரா முள் எடுக்க உட்கார்ந்தால், நீலாம்பாள் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் துணி மடிக்கப் போவாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். துரை என்னதான் அப்படிப் பேசுகிறார் என்று அறிந்தாக வேண்டும் அவளுக்கு.

துரை தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் ஜெர்மனில் சொல்லவில்லை என்று தெரியவில்லை. தாய் பேசிய பாஷையில் சொல்ல வாய் வரவில்லையோ என்னவோ. ஒரு நாள் பாதி, மறுநாள் தொடர்ச்சியில்லாமல் வேறொரு பாதி. நீலாம்பாள்தான் தடுப்புக்குப் பின்னால் நின்று ஒட்டவைத்துக்கொண்டாள்.

யுத்தம் இழுத்துக்கொண்டே போனதில் பீரங்கிக்கு வெண்கலம் போதவில்லை. மாதா கோவில் மணிகளை இறக்கி உருக்கச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்டது. பட்டணத்திலிருந்து அதிகாரி வந்தால் ஜனங்கள் கோவிலைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிடுவார்கள். பாரன் வீட்டுப் பிள்ளை வந்து கேட்டால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். அதற்காகவே அவர் ஜில்லாவுக்கு அவரையே அதிகாரியாகப் போட்டார்கள். அவர் ஊர் ஊராகப் போனார். ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். அங்கே மணிகளுக்குப் பெயர் உண்டாம், மேரி, கத்தரீனா என்று. பிள்ளைக்குச் செய்வதுபோல ஞானஸ்நானமும் உண்டாம். இறக்குவதற்கு முன்னால் ஊரார் கடைசியாக ஒரு தடவை அடித்துக்கொள்ள அவர் அனுமதி கொடுப்பார். அது முடியும்வரை வண்டியில் உட்கார்ந்திருப்பார். கயிறு கட்டி எப்படி மெல்ல மெல்ல இறக்குவார்கள் என்று சொல்லும்போது, வலக்கை மேலிருந்து கீழே கயிற்றை விட்டுவிட்டுப் பிடிப்பதுபோல இறங்கி வரும். "ஆமாங்க துரை" என்பாள் ஹாஜரா.

கடைசியில் அவர் சொந்த ஊர்க் கோவில் வந்தது. அங்கே பெரிய மணி அவருடைய பாட்டனார் வார்த்துக் கொடுத்தது. பாட்டியின் பெயர் அதில் பொறித்திருந்தது. மற்ற ஊர் மணியை எடுத்துவிட்டு அதை விட்டால் நியாயமில்லை என்று அதற்கும் உத்தரவு எழுதினார். கோபுர ஜன்னல் வழியாக இறக்க முடியாத பெரிய மணி. உள்ளேயே வைத்துச் சம்மட்டியால் உடைத்தார்கள். உடைகிறவரை அது ஒவ்வொரு அடிக்கும் ஒலித்தது. கீழே நின்ற பெண்களோடு அவருடைய தாயாரும் நின்றாள். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பேச்சில்லை. யுத்தம் முடிகிற சமயத்தில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள், ஒரு வார்த்தை சொல்லாமலே. மூத்த அண்ணன் சண்டையில் செத்திருந்தான். அண்ணி வீட்டில் இவருக்கு வேலையில்லை.

அது கேட்ட அன்று நீலாம்பாள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். மணியை ஏன் தட்டிவிட்டார் என்பது விளங்கியது. மாதா கோவில் மணி கேட்கிற ஞாயிற்றுக்கிழமை ஜன்னலும் விளங்கியது. ஆனால் இரக்கத்துக்கு முன்னால் வந்தது வேறு. இத்தனை பெரிய கதை, ஒரு சொல் விளங்காத மீன்காரியின் காதில் போய்க் கொட்டுகிறது. விளங்கிக்கொண்டவள் தடுப்புக்குப் பின்னால் வேலைக்காரியாக நிற்கிறாள்.

மழைக்காலம் முடியும்போது மானேஜர் வந்தார். துரையின் நிலை இனி ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை, இரண்டு பேர் தேவையில்லை, தீபத் திருவிழாவுக்குப் பிறகு ஒருத்தி போதும் என்றார். சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் எவள் இருப்பது என்பதைத் துரையே சொல்லட்டும், யோசிக்க ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாஜரா அதைக் கேட்டுவிட்டு, அல்லா விட்ட வழி என்று பானையைக் கழுவப் போய்விட்டாள். நீலாம்பாளால் அப்படி இருக்க முடியவில்லை. வேறு வேலை கிடைக்காமல் போகாது. டாக்டர் நாளைக்கே இன்னொரு வீடு காட்டுவார். அவளுக்கு வேண்டியது வேலையில்லை. அந்த மனுஷன் வாயால் "நர்ஸ் இருக்கட்டும்" என்று வர வேண்டும்.

வராது என்று தோன்றியது. அதனால் கையிலிருந்த ஒரே சீட்டைப் போட்டாள்.

மானேஜர் வந்துபோன மறுநாள் மத்தியானம், ஹாஜரா கடைக்குப் போயிருந்த சமயம், துரையின் முதுகைத் துடைத்து நிமிர்த்தி, தலையணையைச் சரிசெய்துவிட்டு, கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு நோயாளியின் நிலை சொல்வதுபோல நேராக நின்று இங்கிலீஷில் சொன்னாள்.

"துரை, ஹாஜராவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்கள் சொன்னது ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மணிகளைப் பற்றி எனக்குத் தெரியும். உங்கள் தாயாரைப் பற்றியும் தெரியும். உத்தரவு வந்தால் செய்துதானே ஆக வேண்டும்? உங்கள் மேல் தப்பில்லை. இனிமேல் என்னிடம் சொல்லுங்கள்."

துரை அவளைப் பார்த்தார். பார்வை குறைந்த கண்ணும் சேர்ந்து பார்ப்பதுபோல இருந்தது.

"எப்போதிலிருந்து கேட்கிறாய்?"

"மணியைத் தட்டிவிட்டீர்களே, அதிலிருந்து."

"அப்படியா" என்றார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். "அவளுக்கு விளங்காது என்பது எனக்குத் தெரியும். என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடு, நர்ஸ்."

நீலாம்பாள் முழங்காலை மடக்கி நிறுத்தி, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து, முறைப்படி திருப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஹாஜரா முள் எடுத்து ஊட்டினாள். துரை சாப்பிட்டார், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஹாஜரா ஆட்டைப் பற்றிச் சொன்னாள், தலையாட்டவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைப் பார்த்தார். வாரம் முடிந்து மானேஜர் வந்து எவளை வைத்துக்கொள்வது என்று கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டார். மானேஜர் டாக்டரைக் கேட்டார். படித்தவளே இருக்கட்டும் என்றார் டாக்டர். நீலாம்பாள் ஜெயித்தாள்.

ஹாஜரா பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்துவிட்டு, போகும்போது படியில் நின்று கேட்டாள்.

"அன்னிக்கு நான் கடைக்குப் போயிருந்தப்போ துரைகிட்ட என்னக்கா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலியே."

"ஏதோ சொல்லியிருக்கீங்க. பேச்சு அத்துப்போச்சு பாருங்க" என்றாள் ஹாஜரா. சண்டைக்கு நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படித்துறைப் பக்கம் நடந்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. நீலாம்பாள் மீன் ஆணம் வைக்கக் கற்றுக்கொண்டாள். முள்ளும் எடுத்தாள். துரை வாயைத் திறப்பார், மெல்லுவார், சுவரைப் பார்ப்பார். நர்ஸ் என்ற சொல்கூட இல்லை. அவரை வேளை தவறாமல் புரட்டினாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. அத்தனை நாள் படுத்த உடம்பில் புண் இல்லாததைப் பார்த்து டாக்டர் ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியம் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிகிறபோது அவர் கேட்காமலே அவள் ஜன்னலைச் சாத்தினாள். ஒரு தடவை மட்டும் துரை திரும்பி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று கையில் துணியோடு நின்றாள். சொல்லவில்லை.

மாசி மாதம் பனி விலகுகிற நேரத்தில் ஒரு காலை, முகம் துடைக்க வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார். நீலாம்பாள் தாடையைக் கட்டினாள், கண்ணை மூடினாள், உடம்பைத் துடைத்து வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். பிறகுதான் மானேஜருக்கு ஆள் அனுப்பினாள்.

அடக்கத்துக்கு ஏற்பாடு ஆயிற்று. கல்லறைத் தோட்டத்துச் சிறு கோவிலில் ஜெபம் முடித்து, பெட்டியை வெளியே எடுக்கும்போது மணி அடிப்பது வழக்கம். நீலாம்பாள் அது தெரிந்தவள். எத்தனையோ பேரை ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே அனுப்பியிருக்கிறாள். முன்கூட்டியே போய்ப் பாதிரியாரைப் பார்த்து, மணி வேண்டாம் என்றாள். ஏன் என்று பாதிரியார் கேட்டார். துரை கேட்டுக்கொண்டது என்றாள் நீலாம்பாள். ஒரு பிரபு வீட்டு மனுஷருக்கு மணியில்லாமல் எப்படி என்று அவர் தயங்கினார். செத்தவர் சொல்லை மீறி அடித்தால் நீங்களே பொறுப்பு என்று மேட்ரன் அம்மாளின் குரலில் சொன்னாள். அவர் சம்மதித்தார்.

அதனால் பாரன் துரையின் பெட்டி சத்தமில்லாமல் வெளியே வந்தது. மானேஜரும் இரண்டு மூன்று வெள்ளைக்காரர்களும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கிடங்கு ஆட்களோடு முத்து முகம்மது வந்திருந்தார். மரத்தடியில், தலையில் முக்காட்டோடு, டாலாவிலிருந்து ஹாஜராவும் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் நீலாம்பாளுக்குப் பழைய எரிச்சல் பழையபடி வந்தது. தான் அழவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மண் போட்டு முடிந்ததும் ஹாஜரா பக்கத்தில் வந்தாள்.

"வெள்ளைக்காரவுக சாவுன்னா மணி அடிப்பாங்களே. ஏங்கக்கா அடிக்கலை?"

"மணி அடிக்கிறவனுக்குக் காய்ச்சலாம்."

ஹாஜரா உச்சுக்கொட்டினாள். கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். பிறகு வலக்கையைத் தூக்கி, மேலிருந்து கீழே, விட்டுவிட்டுப் பிடித்து மெல்ல இறக்கிக் காட்டினாள். துரை செய்வதுபோலவே இருந்தது.

"இப்படி இப்படிக் கைய வச்சு ஒரு கதை சொல்லுவாரே எங்கிட்ட, அது என்னக்கா? உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. தடுப்புக்கு அந்தாண்டதானே நின்னீங்க."

ஆக, நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீலாம்பாள் நடையை நிறுத்தவில்லை. சொல்லிவிடலாம். சொன்னால் அது இவளுக்கும் சொந்தமாகிவிடும். பெயர் இவளுக்குக் கிடைத்தது, பேச்சு இவளுக்குக் கிடைத்தது, அழுகைகூட இவளுக்குத்தான் வந்தது.

"சின்ன வயசுல கிணத்துல தண்ணி எறச்ச கதை" என்றாள்.

ஹாஜரா யோசித்தாள். கையை இன்னொரு தடவை இறக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமாங்கக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றாள். ஆற்றில் நீரோட்டம் திரும்புவதற்குள் சம்பானைப் பிடிக்க வேண்டுமென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள்.